அலுவலகம், வீடு, சொந்தத் தொழில், ஆதரவுப் பணி: மாற்றுத்திறனாளி எதைத் தேர்ந்தெடுப்பது?

முதல் வேலையில் சேர்ந்த மூன்றாவது மாதம் எனக்கு நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது. தண்டுவடக் காயத்துக்குப் பிறகு சக்கர நாற்காலியில் வாழ்கிற எனக்குக் காரணம் உடனே புரிந்துவிட்டது: சிறுநீர்த் தொற்று. அலுவலகக் கழிப்பறையின் கதவு என் நாற்காலியைவிட நான்கு விரற்கடை குறுகல். காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் மாலை ஆறரைக்கு வீடு திரும்பும்வரை நான் தண்ணீர் குடிப்பதில்லை. குடிக்காதே என்று யாரும் சொல்லவில்லை, நானாகவே பழகிக்கொண்டேன். மேசைமேல் பாட்டில் மட்டும் தினமும் நிறைந்தபடி இருக்கும். சம்பளத்தைப் பார்த்து அந்த வேலைக்குச் சம்மதித்த நாளில், ஒரு கதவின் அகலத்தை அளந்து பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"வெளியே போய்ச் செய்யும் வேலையா, வீட்டிலிருந்தே செய்வதா, சொந்தமாக ஏதாவது தொடங்குவதா?" என்று மாற்றுத்திறனாளிகளும் அவர்களுடைய பெற்றோரும் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாட்டில்தான் நினைவுக்கு வருகிறது. வேலையைப் பற்றிய கேள்வியையும் உடல்நலத்தைப் பற்றிய கேள்வியையும் பிரித்து வைத்து யோசித்தால் முடிவு தவறிப்போகிறது. உலக சுகாதார நிறுவனம் 2022 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் சுமார் 130 கோடிப் பேர், அதாவது ஆறில் ஒருவர், குறிப்பிடத்தக்க குறைபாட்டுடன் வாழ்கிறார்கள். அவர்களில் சிலர் மற்றவர்களைவிட 20 ஆண்டுகள்வரை முன்னதாகவே இறந்துவிடுகிறார்கள். மனச்சோர்வு, ஆஸ்துமா, நீரிழிவு, பக்கவாதம், உடல் பருமன், பல் நோய்கள் ஆகியவை வரும் வாய்ப்பு இவர்களுக்கு இரு மடங்கு. தவிர்க்கக்கூடிய ஏற்றத்தாழ்வுகளே இதில் பெரும்பங்கு என்கிறது அந்த அறிக்கை. எட்டாத மருத்துவமனையும் வறுமையும் வேலையின்மையும் அந்தக் கணக்கில் அடங்கும். ஆகவே வேலை வேண்டும். அந்த வேலையே நோயாகவும் மாறிவிடக் கூடாது.

## எதை வைத்து எடைபோடுவது

உடல் ஒரு சாதாரண நாளைத் தாங்குமா? இதை முதலில் வைக்கிறேன். தண்டுவடக் காயம் உள்ளவர் 15 முதல் 30 நிமிடங்களுக்கு ஒருமுறை உடல் எடை அழுந்தும் இடத்தை மாற்றி அமராவிட்டால் அழுத்தப் புண் வரும். நெஞ்சின் நடுப்பகுதிக்கு மேலே காயம் என்றால், சிறுநீர்ப்பை நிரம்பி வழியில்லாமல் இருப்பதே இரத்த அழுத்தத்தைத் திடீரென ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடும். சிறுவயதில் போலியோ வந்தவர்களுக்குப் பல பத்தாண்டுகள் கழித்துத் தசைகள் மறுபடி தளர்வது உண்டு. அளவுக்கு மீறிய உழைப்பு அதைக் கடுமையாக்கும். வலிப்பு உள்ள பலருக்குத் தூக்கம் கெடுவதே தூண்டுதல் என்பதால் இரவுப்பணி ஆகாது. செவித்துணைக் கருவி அணிந்தவர் இரைச்சலான கூடத்தில் எட்டு மணிநேரம் பேச்சைப் பிரித்துக் கேட்பதற்குள் களைத்துப்போகிறார். ஆகவே "என்னால் இந்த வேலையைச் செய்ய முடியுமா" என்று கேட்பது போதாது. "இதை ஐந்து வருடம் செய்தால் என் உடல் எப்படி இருக்கும்" என்றும் கேட்க வேண்டும்.

கையில் நிற்கும் பணம் எவ்வளவு? சம்பளம் நூறு என்று வைத்துக்கொள்வோம். பஸ்ஸில் ஏற முடியாததால் வாடகை வண்டிக்கு இருபது, துணைக்கு வருபவருக்குப் பதினைந்து, கருவிப் பழுதுக்கும் மருந்துக்கும் கூடுதலாகப் பத்து போனால் மிச்சம் ஐம்பத்தைந்து. எழுபது தருகிற வீட்டு வேலை இதைவிட மேலாக இருக்கக்கூடும்.

உதவித்தொகையும் காப்பீடும் என்னாகும்? பல நாடுகளில் வருமானம் ஒரு வரம்பைத் தாண்டினால் உதவித்தொகை குறையும் அல்லது நின்றுபோகும். சில இடங்களில் அதோடு மருத்துவச் சலுகையும் போய்விடும். வரம்பு எவ்வளவு, வேலை போனால் உதவித்தொகையைத் திரும்பப் பெற எத்தனை மாதம் ஆகும் என்பதை உரிய அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கேட்டுப் பெறுங்கள். வாய்ச்சொல்லை நம்பி இறங்காதீர்கள்.

வேலைக் கருவிகள் எனக்குக் கைகொடுக்குமா? கட்டடம் மட்டுமே வாசல் என்று எண்ண வேண்டாம். பார்வையற்றவருக்கு நிறுவனத்தின் மென்பொருளே வாசல். திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானால் படிக்க முடியாத மென்பொருள், படி மட்டுமே இருக்கிற மாடிக்குச் சமம்.

சுகாதாரச் செய்தி என்னை வந்து சேருமா? இதைப் பெரும்பாலோர் கணக்கில் எடுப்பதே இல்லை. தடுப்பூசி முகாம், தொற்று எச்சரிக்கை, வெப்ப அலை அறிவிப்பு எல்லாம் பலருக்கும் வேலையிடம் வழியாகவே தெரியவருகின்றன. வேலையை மாற்றினால் அந்த வழியும் மாறும்.

பின்வாங்க வழி இருக்கிறதா? சரிப்படாவிட்டால் எவ்வளவு இழப்போடு வெளியே வர முடியும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விபத்தாலோ பக்கவாதத்தாலோ வேலையில் இருக்கும்போதே உடல்நிலை மாறியவர்களுக்கு ஒரு வார்த்தை. புதிய வேலை தேடுவதற்கு முன், பழைய முதலாளியிடமே குறைந்த நேரத்துக்கோ வேறு பிரிவுக்கோ திரும்ப முடியுமா என்று கேளுங்கள். உங்கள் திறமையை அவருக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. அந்த ஒரு வசதி வேறு எங்கும் கிடைக்காது. விலகல் கடிதத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்திட்டுவிடாதீர்கள்.

## நான்கு வழிகள், ஒரே பார்வையில்

முதல் மூன்றும் தெரிந்தவை. நான்காவதில், ஆதரவுப் பணி என்பது சாதாரண நிறுவனத்தில் பயிற்றுநர் துணையோடு செய்யும் வேலை; பணிக்கூடம் என்பது மாற்றுத்திறனாளிகள் மட்டும் வேலை செய்யும் இடம்.

| அளவுகோல் | வெளியே சென்று செய்யும் வேலை | வீட்டிலிருந்து செய்யும் வேலை | சொந்தத் தொழில் | ஆதரவுப் பணி அல்லது பணிக்கூடம் |
|---|---|---|---|---|
| உடல் | பயணமும் கழிப்பறையும் தீர்மானிக்கும் | நேரம் நம் கையில். அசைவு குறையும் | ஓய்வு நம் முடிவு. நோயில் வருமானம் நின்றுபோகும் | மேற்பார்வை உண்டு |
| கையில் நிற்பது | சம்பளம் நிலையானது, பயணச் செலவு அதிகம் | பயணச் செலவு இல்லை. மின்சாரம், இணையம் நம் தலையில் | ஏற்ற இறக்கம் | ஆதரவுப் பணியில் முறையான கூலி. பணிக்கூடத்தில் பெரும்பாலும் குறைவு |
| விடுப்பு, காப்பீடு | பொதுவாக உண்டு | நிரந்தரப் பணி என்றால் மட்டும் | நாமே ஏற்பாடு செய்ய வேண்டும் | இடத்துக்கு இடம் மாறும் |
| சுகாதாரச் செய்தி | தானாக வரும். நமக்கேற்ற வடிவில் வருமா என்பதே கேள்வி | தேடிப் போக வேண்டும் | தேடிப் போக வேண்டும் | பணியாளர் வழியாக வரும் |
| பின்வாங்குதல் | எளிது | எளிது | கடன் இருந்தால் கடினம் | எளிது. வெளிவேலைக்கு மாறுவதுதான் கடினம் |

## 1. வெளியே சென்று செய்யும் வேலை

சட்டம் அதிகம் துணைநிற்பது இங்கேதான். 2006இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 27ஆவது பிரிவு, மற்றவர்களுக்குச் சமமாக வேலை செய்யும் உரிமையையும், தேவையான மாற்றங்களைப் பணியிடத்தில் பெறும் உரிமையையும் சொல்கிறது. பல நாடுகள் ஒதுக்கீடும் வைத்திருக்கின்றன. ஜெர்மனியில் 20 பேரும் அதற்கு மேலும் பணியாற்றும் நிறுவனங்களுக்கு 5 சதவீதம். நிறைவேற்றாதவர்கள் ஈட்டுக் கட்டணம் செலுத்த வேண்டும். ஜப்பானில் தனியார் நிறுவனங்களுக்கான விகிதம் 2024 ஏப்ரலில் 2.5 சதவீதமாக உயர்ந்தது. இந்தியாவின் 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரித்து, அரசுப் பணிகளில் 4 சதவீத இடத்தை ஒதுக்குகிறது. ஆனால் ஒதுக்கீடு வாசலைத்தான் திறக்கும். என் கதையில் வந்த கழிப்பறைக் கதவை அது அகலப்படுத்தவில்லை.

மாற்றம் கேட்பதற்குப் பலர் கூசுகிறார்கள். "செலவு வைக்கிறேனே" என்று நினைக்கிறார்கள். அமெரிக்காவில் பணியிட மாற்றங்களுக்கு ஆலோசனை தரும் அமைப்பு முதலாளிகளிடம் பல ஆண்டுகளாகக் கேட்டுத் தொகுத்துவரும் விவரத்தில், ஏறக்குறைய பாதி மாற்றங்களுக்கு ஒரு காசும் செலவாகவில்லை. வேலை நேரத்தை அரை மணி தள்ளிவைப்பது, இருக்கையைக் கதவருகே மாற்றுவது, கூட்டத்தின் குறிப்பை எழுத்தில் தருவது எல்லாம் அப்படிப்பட்டவையே. என் முதல் வேலையில் கடைசியில் கதவுப் பிரச்சினையைத் தீர்த்தவர் தச்சர் ஒருவர். கதவை எடுத்துவிட்டு வெளிப்பக்கம் நகரும் கதவு பொருத்தினார். அரை நாள் வேலை. அதற்காக நான் கடிதம் எழுதத் துணிவதற்குள் பதினோரு மாதம் கழிந்திருந்தது.

நேர்காணலுக்குப் போகும்போது நான் இப்போது பார்ப்பவை இவை. கதவில் தடையில்லாத இடைவெளி குறைந்தது 80 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். சாய்தளம் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் இருக்க வேண்டும்; அதற்குக் குறைந்தால் கை தளரும். கழிப்பறைக்குள் நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் இடம் வேண்டும். தீ விபத்தில் மின்தூக்கி நின்றால் என்னை யார், எந்த வழியாகக் கீழே கொண்டுபோவார்கள் என்றும் கேட்கிறேன். இந்தக் கடைசிக் கேள்விக்கு எங்கும் உடனே பதில் வந்ததில்லை. ஆனாலும் கேட்ட பிறகு யோசிக்கத் தொடங்குகிறார்கள்.

மறைந்திருக்கும் செலவு பயணக் களைப்பு. நாற்காலியைக் கையால் தள்ளுகிறவர்களுக்குத் தோள்வலி மிகப் பொதுவானது. தோள் போனால் நாற்காலியும் போயிற்று, கட்டிலிலிருந்து எழுவதும் போயிற்று. வாரம் ஐந்து நாள் மேடுபள்ளமான பாதையில் தள்ளி மிச்சம் பிடிக்கிற வண்டிக் காசு, பிறகு மருத்துவருக்குப் போகிறது.

யாருக்குப் பொருந்தும்: பழக மனிதர்கள் வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கும், பதவி உயர்வை நாடுகிறவர்களுக்கும், முதல் வேலைக்குப் போகும் இளைஞர்களுக்கும். பணியிடத்தின் எழுதாத விதிகளை உடனிருந்துதான் கற்க முடியும்.

## 2. வீட்டிலிருந்து செய்யும் வேலை

நாள்பட்ட வலியும் களைப்பும் உள்ளவர்களுக்கு இது பெரிய விடுதலை. சுவாசத் தசை பலவீனமானவர்களும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும் சளிக்காய்ச்சல் பரவும் பருவத்தில் கூட்டத்தைத் தவிர்க்க முடியும். மதியம் அரை மணி படுத்து எழுந்து மறுபடி உட்கார முடியும். பார்வையற்ற நண்பர் ஒருவர், தன் அறையில் தனக்குப் பழகிய வேகத்தில் திரைவாசிப்பானை ஓடவிட்டு வேலை செய்கிறார். பக்கத்திலிருந்து கேட்டால் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடாது, அவ்வளவு வேகம். அவர் பயன்படுத்துவது என்விடிஏ என்ற இலவச மென்பொருள். பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் ஒருவர் 2006இல் எழுதத் தொடங்கியது அது. கருவிக்காகப் பெரும்பணம் கட்ட வேண்டும் என்று யாராவது சொன்னால், முதலில் இதைப் போட்டுப் பாருங்கள்.

மறைந்திருக்கும் செலவுகளைச் சொல்கிறேன். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒன்பது மணிநேரம் வேலை செய்து அழுத்தப் புண் வந்தவர்களை எனக்குத் தெரியும். அலுவலகத்தில் தேநீருக்காவது நாற்காலியை நகர்த்துவோம். வீட்டில் அதுவும் கிடையாது. தனிமை இன்னொன்று. மனச்சோர்வின் வாய்ப்பு ஏற்கெனவே இரு மடங்கு என்கிறபோது, வாரக்கணக்கில் வெளிமனிதர் முகம் பாராமல் இருப்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. காணொலிக் கூட்டங்களில் காதுகேளாதவர்களுக்குத் தானியங்கி எழுத்து வரிகள் வரும் என்பார்கள். மூன்று பேர் ஒரே நேரத்தில், மொழிகளைக் கலந்து பேசும்போது அந்த வரிகள் பொருளற்றுப் போகின்றன. சைகைமொழி பெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வார்களா என்று சேருவதற்கு முன்பே கேளுங்கள். சில நிறுவனங்கள் விசைப்பலகை அசைவைக் கணக்கெடுக்கும் கண்காணிப்பு மென்பொருளை வைக்கின்றன. எடை அழுந்தும் இடத்தை மாற்ற எழும்புகிறவரையும் குரலால் தட்டச்சு செய்பவரையும் அது "வேலை செய்யவில்லை" என்று பதிந்துவிடும்.

இந்த வழியில்தான் மோசடியும் அதிகம். "வீட்டிலிருந்தே தட்டச்சு வேலை, முன்பணம் மட்டும் கட்டுங்கள்" என்று வரும் எதையும் தொடாதீர்கள். வேலை தருகிறவர் பணம் கொடுப்பார், கேட்க மாட்டார்.

யாருக்குப் பொருந்தும்: பயணமே உடலைக் கெடுக்கிறது என்பவர்களுக்கும், ஏற்கெனவே சில ஆண்டு அனுபவமும் தொடர்புகளும் உள்ளவர்களுக்கும். வீட்டில் தனி மூலையும் அமைதியும் இல்லாதவர்கள் நன்றாக யோசித்துச் செய்ய வேண்டும்.

## 3. சொந்தத் தொழில்

இங்கே கதவின் அகலத்தை நீங்களே முடிவு செய்கிறீர்கள். அருகில் ஏறி இறங்கக்கூடிய நிறுவனமே இல்லாதவர்களுக்குச் சில சமயம் இது ஒன்றுதான் வழி.

ஆனால் "உனக்கு யார் வேலை கொடுப்பார்கள், ஒரு கடை வைத்துக்கொள்" என்று உறவினர்கள் சொல்லும் அறிவுரையில் எனக்கு உடன்பாடு இல்லை. தொழில் தொடங்குவதற்கு உடல் குறைபாடு காரணமாக இருக்கக் கூடாது. கையில் ஒரு திறமையும், அதற்குக் காசு கொடுக்கிற நான்கு பேரும் இருந்தால் தொடங்கலாம். மறைந்திருக்கும் பெரிய செலவு நோய்விடுப்பு. இரண்டு வாரம் மருத்துவமனையில் கிடந்தால் வருமானம் பூச்சியம், கடன் தவணை அப்படியே. இன்னொன்று வீட்டாரின் உழைப்பு. பொருள் வாங்கப் போகும் தம்பிக்கும் கணக்கு எழுதும் மனைவிக்கும் கூலி போட்டுப் பார்த்தால், லாபம் என்று நினைத்தது பல நேரம் மறைந்துவிடும். கூலியைக் கணக்கில் எழுதுங்கள். அப்போதுதான் தொழில் நடக்கிறதா, குடும்பம் சுமக்கிறதா என்பது தெரியும்.

மூன்று மாத வீட்டுச் செலவும் மருந்துச் செலவும் தனியாகக் கையில் இல்லாமல் கடன் வாங்கித் தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து. உங்கள் பெயரில் கிடைக்கிற சலுகைக் கடனை வேறு யாரோ நடத்தும் தொழிலுக்கு வாங்கிக் கொடுப்பதும் வேண்டவே வேண்டாம்.

யாருக்குப் பொருந்தும்: உடல்நிலை நாளுக்கு நாள் மாறுகிறவர்களுக்கு, ஒரு வாரம் நிறையவும் மறுவாரம் குறைவாகவும் உழைக்கிறவர்களுக்கு. ஏதாவதொரு மருத்துவக் காப்பீடு ஏற்கெனவே இருக்க வேண்டும்.

## 4. பணிக்கூடமும் ஆதரவுப் பணியும்

அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மனநல பாதிப்பு உள்ளவர்களின் பெற்றோருக்கு இந்தப் பகுதி. இரண்டும் வெவ்வேறு. பணிக்கூடம் என்பது மாற்றுத்திறனாளிகள் மட்டும் தனியாக வேலை செய்யும் இடம். ஆதரவுப் பணி என்பது சாதாரண நிறுவனத்தில், சாதாரணச் சம்பளத்துக்கு, ஒரு பணிப் பயிற்றுநரின் துணையோடு செய்யும் வேலை.

பணிக்கூடத்தைப் பெற்றோர் ஏன் விரும்புகிறார்கள் என்பது எனக்குப் புரிகிறது. பாதுகாப்பு இருக்கிறது, கேலி இல்லை, வண்டி வந்து அழைத்துப்போகிறது. ஆனால் அங்கே கூலி பெரும்பாலும் சொற்பம். அமெரிக்காவில் 1938ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின் ஒரு பிரிவு, சான்றிதழ் பெற்ற அமைப்புகள் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுக்க இடம் தந்தது. இப்படிப் பிரித்துவைக்கும் பணிக்கூடங்களை வேலை உரிமையின் நிறைவேற்றமாகக் கருத முடியாது என்று ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமைக் குழு 2022இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஆதரவுப் பணியின் முறை "முதலில் வேலை, பிறகு அந்த இடத்திலேயே பயிற்சி". கடுமையான மனநல பாதிப்பு உள்ளவர்களிடம் இந்த முறையைப் பழைய பயிற்சி முறையோடு ஒப்பிட்ட ஆய்வுகளில், இதில் சேர்ந்தவர்கள் ஏறக்குறைய இரு மடங்கு அளவில் சாதாரண வேலையை அடைந்தார்கள். ஒரு சலவைக்கூடத்தில் இதை நேரில் பார்த்தேன். துண்டு மடிக்கும் மேசையில் பயிற்றுநர் நீல நிற நாடாவால் ஒரு கட்டம் ஒட்டியிருந்தார். துண்டின் ஓரம் நாடாவைத் தொட்டால் மடிப்பு சரி. அந்த இளைஞரிடம் அவர் வேறெதுவும் விளக்கவில்லை. முதல் வாரம் பக்கத்தில் நின்றார். மூன்றாவது வாரம் வாசலருகே நின்றார். நாடாவின் ஒரு மூலை பெயர்ந்தபோது அந்த இளைஞரே அதை அழுத்தி ஒட்டிவிட்டு அடுத்த துண்டை எடுத்தார்.

மறைந்திருக்கும் சிக்கல், பயிற்றுநருக்கான நிதி சில மாதங்களில் முடிந்துவிடுவது. அதன் பிறகு யார் வருவார் என்று கேளுங்கள். பணிக்கூடம் என்றால், "கடந்த ஓராண்டில் இங்கிருந்து எத்தனை பேர் வெளிவேலைக்குப் போனார்கள்?" என்று கேளுங்கள். அந்த எண்ணிக்கை பூச்சியம் என்றால், அங்கே சேர்ப்பது பல ஆண்டுகளுக்கான முடிவு என்று தெரிந்து சேருங்கள்.

யாருக்குப் பொருந்தும்: முதலில் ஆதரவுப் பணியை முயலுங்கள். அது சுற்றுவட்டாரத்தில் இல்லவே இல்லை, மகனோ மகளோ வீட்டில் முடங்கிக் கிடக்கிறார் என்றால் மட்டும் பணிக்கூடம்.

## சுகாதாரச் செய்தியில் யார் பின்தங்குகிறார்கள்

கொரோனா காலத்தில் எல்லாரும் முகக்கவசம் அணிந்தபோது, உதட்டசைவைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்கிறவர்களுக்கு உலகமே ஒரே நாளில் ஊமையானது. பல அறிவிப்புகள் படமாக வந்ததால் திரைவாசிப்பான்கள் எதையும் படிக்கவில்லை. பெரிய நிறுவனத்தில் இருந்தவர்களுக்கு யாராவது சொன்னார்கள். வீட்டிலும் கடையிலும் தனியாக இருந்தவர்கள் பிந்திக் கேட்டார்கள்.

இரண்டாவது, மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் இதற்கென ஓர் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். ஆண்டுக்கொரு முறை போடும் சளிக்காய்ச்சல் தடுப்பூசி உங்களுக்குத் தேவையா என்று மருத்துவரிடம் கேட்டு நாட்காட்டியில் குறியுங்கள். வெப்ப அலை எச்சரிக்கையைக் கைபேசியில் ஒலியாகவோ அதிர்வாகவோ வரும்படி வையுங்கள். தண்டுவடக் காயத்துக்குக் கீழே உடல் சரியாக வியர்க்காது. மனநலத்துக்காகச் சிலர் எடுக்கும் மருந்துகளும் வெப்பத்தைத் தாங்கும் திறனைக் குறைக்கும். வெளியே வேலை செய்கிறவர்கள், அறிவிப்புகளை எழுத்தாகவும் ஒலியாகவும் தரும்படி நிறுவனத்திடம் கேட்கலாம். அதுவும் பணியிட மாற்றத்தில் சேர்ந்ததுதான்.

## இன்னும் முடிவுக்கு வர முடியாதவர்களுக்கு

கலந்து செய்வது தவறில்லை. நான் இப்போது மூன்று நாள் அலுவலகம், இரண்டு நாள் வீடு. சம்பளம் முந்தைய வேலையைவிடச் சற்றுக் குறைவு; கடந்த ஆண்டு முழுவதும் ஒரு முறைகூடத் தொற்று வரவில்லை.

ஒப்புக்கொள்வதற்கு முன் ஒரு முழுநாளை அந்த இடத்தில் கழிக்க அனுமதி கேளுங்கள். வேலைக்குப் போகும் அதே நேரத்தில், அதே வண்டியில் போங்கள். உங்கள் கருவியை அங்கே இயக்கிப் பாருங்கள். அன்றைக்கு உங்கள் பாட்டில் தண்ணீர் முழுவதையும், வழக்கமாகக் குடிக்கிற நேரத்தில், குடித்து முடியுங்கள்.